காட்டேரிக்கு ஆர்மோனியம்

ஊமைப் படம் என்று ஒன்று உலகத்தில் ஓடியதே கிடையாது. படச்சுருளில் சத்தம் இல்லை என்பது ஒரு விஷயம். கொட்டகையில் சத்தம் இல்லை என்பது வேறு விஷயம். முதலாவது உண்மை, இரண்டாவது, பின்னால் வந்தவர்கள் கட்டிவிட்ட கதை. பேசும்படம் வருவதற்கு முன்பு டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்குப் பியானோ கிடைத்தது, பிடில் கிடைத்தது, பெரிய நகரம் என்றால் முழு வாத்தியக் குழுவே கிடைத்தது. நம் நாட்டில் ஆர்மோனியமும் தபலாவும் கிடைத்தன. தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று, எழுத்து அட்டைகளை உரக்க வாசித்துக் கதை சொல்ல ஆள் இருந்ததை தியடோர் பாஸ்கரன் எழுதியிருக்கிறார். 'மௌனப்படம்' என்பது சுருளுக்குச் சரியான பெயர். காட்சிக்கு அது பொருந்தாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களாக நம் சின்ன ஊர்களிலும் உலக சினிமா திரையிடுகிறார்கள். நூலகத்தின் மாடி, பள்ளிக்கூட ஹால், சாப்பாட்டுப் பந்தி முடிந்த கல்யாண மண்டபம் என்று கிடைத்த இடத்தில் நடக்கிறது. நடத்துகிறவர்கள் சொந்தக் காசைப் போட்டு நடத்துகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அங்கே மௌனப்படம் போடுகிற விதம் இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. யூடியூபிலிருந்து இறக்கிய ஒரு பிரதி. அதில் யாரோ முகம் தெரியாத ஒருவர் ஒட்டிவிட்ட சிந்தசைசர் இசை. ப்ளூடூத் ஸ்பீக்கரில் அது இரைகிறது. அரைமணி நேரத்தில் பாதிப் பேர் போனை எடுத்துவிடுகிறார்கள். முடிந்ததும் ஒருவர் எழுந்து, "அந்தக் காலத்துப் படம், கொஞ்சம் பொறுமையாத்தான் பாக்கணும்" என்கிறார். படத்தில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டு, பார்க்கிறவனுக்குப் பொறுமை இல்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

என் கோரிக்கை எளிமையானது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ முர்னாவின் 'நாஸ்ஃபெராட்டு' படத்தைத் திரையிட வேண்டும். திரைக்குப் பக்கத்தில் நம் ஸ்பெஷல் நாடக மேடையின் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து நேரடியாக வாசிக்க வேண்டும். இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன. "அதெல்லாம் சென்னை, பெங்களூருக்குச் சரி." "லேப்டாப்பிலேயே மியூசிக் வருதே, எதுக்கு வீண் செலவு?" "அந்தப் படத்துக்கும் நம்ம வாத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்?" மூன்றும் தவறு. மூன்றாவது தவறு மட்டும் இல்லை, நம்மை நாமே மட்டம் தட்டிக்கொள்வது.

*

முதலில் படம். 'நாஸ்ஃபெராட்டு' 1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்குக் காட்சிசாலையின் பளிங்கு மண்டபத்தில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா' நாவல்தான் கதை. அனுமதி வாங்காமல், பெயர்களை மாற்றி எடுத்தார்கள். தயாரித்த கம்பெனியின் பெயர் பிராணா. நம் பிராணன்தான். ஆவி விஷயங்களில் ஈடுபாடு கொண்ட ஆல்பின் கிராவ் வைத்த பெயர். பிராணனை உறிஞ்சுகிறவனைப் பற்றிப் படம் எடுத்த அந்தக் கம்பெனி, அந்த ஒரு படத்தோடு திவாலாகித் தன் பிராணனையும் விட்டது.

ஸ்டோக்கரின் மனைவி புளோரன்ஸ் வழக்குப் போட்டார். படத்தின் பிரதிகளை எல்லாம் அழித்துவிட வேண்டும் என்று 1925இல் ஜெர்மானிய நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் தப்பின. இன்று நாம் பார்ப்பது அந்தத் தப்பிப் பிழைத்தவற்றிலிருந்து ஒட்டுப்போட்டுச் சேர்த்த படம். ஆனால் முதல் காட்சிக்காக ஹான்ஸ் எர்ட்மான் எழுதிய இசையில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. கையில் இருப்பவை சில துண்டுகளும், அவற்றை வைத்துப் பின்னால் கட்டிய மறுஉருவாக்கங்களும்தான்.

இதன் பொருள் என்ன? அசல் இசையைக் கெடுத்துவிடுவோமோ என்று பயப்பட இங்கே முழுசாக ஒரு அசலே இல்லை. நூறு வருடமாக ஒவ்வொரு ஊரும் இந்தப் படத்துக்குத் தன் கையில் இருந்த வாத்தியத்தைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் பழைய தியேட்டர்களிலும் சர்ச்சுகளிலும்கூட இதைப் போட்டு, பக்கத்தில் ஆர்கன் வாசிக்கிறார்கள். அவர்கள் கையில் ஆர்கன் இருந்தது, வாசித்தார்கள். நம் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

*

தியேட்டர் ஆர்கன் என்பது என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் தொலைபேசித் தொழிலில் இருந்த எஞ்சினியர். சர்ச் ஆர்கனில் கட்டைக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த மரச்சட்ட இணைப்புகளை எடுத்துவிட்டு மின்கம்பியைப் போட்டார். கட்டையை அழுத்தினால் மின்சாரம் போய்க் குழாயின் வாயைத் திறக்கும். அதனால் ஒரே வரிசைக் குழாய்களைப் பல ஸ்தாயிகளுக்குப் பங்கிட்டுப் பயன்படுத்த முடிந்தது. அமெரிக்காவுக்குப் போன அவரது யோசனைகளை உர்லிட்சர் கம்பெனி வாங்கி, சினிமாக் கொட்டகைகளுக்கென்றே ஆர்கன் செய்து விற்றது. குழாய்களோடு முரசு, தாளம், மணி, குதிரைக் குளம்பொலி, பறவைக் கூவல், ரயில் விசில் எல்லாம் சேர்த்து ஒரே ஆளின் கைக்கும் காலுக்கும் எட்டும்படி வைத்தார்கள்.

கொட்டகை முதலாளிகள் இதை ஏன் வாங்கினார்கள்? இசைமேல் உள்ள காதலால் மட்டும் இல்லை. இருபது பேருக்குக் கொடுக்கிற சம்பளத்தை ஒருவருக்குக் கொடுத்தால் போதும். ஆர்கனும் ஒரு காலத்தில் ஆளைக் குறைக்க வந்த இயந்திரம்தான். அந்த ஒருவரையும் சில வருடங்களில் பேசும்படம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. 1930இல் அமெரிக்க வாத்தியக்காரர் சங்கம் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டது: இரும்பு ரோபோ ஒன்று வீணை போன்ற வாத்தியத்தை மீட்டுகிற படம், டப்பாவில் அடைத்த இசையை ஏற்காதீர்கள் என்ற வேண்டுகோள். விளம்பரம் தோற்றது. ஆயிரக்கணக்கான பேர் வேலை இழந்தார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1955இல் ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இடிக்கப்போகிற கொட்டகைகளிலிருந்து ஆர்கன்களைக் கழற்றி எடுத்துப் பழுது பார்த்தார்கள். அதைவிட முக்கியமாக, அவற்றை மியூசியத்தில் வைத்துப் பூட்டவில்லை. வாசிக்க ஆள் பிடித்தார்கள், வாசிக்க ஒரு ராத்திரியை உண்டாக்கினார்கள். ஒரு கலையைக் காப்பாற்றுவது என்றால் இதுதான். சான்றிதழும் பொன்னாடையும் இதற்கு ஈடாகாது. அந்தக் கலைக்கு ஒரு ராத்திரி வேலை கொடுக்க வேண்டும்.

*

இப்போது நம் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கோபுரம், பால்கோவா. ராஜபாளையம் என்றால் மில்லு, நாய் என்று வெளியூர்க்காரன் நினைத்தால் அது அவன் பாடு. நாமே அப்படி நினைக்க ஆரம்பித்துவிட்டதுதான் வினை. "இந்த ஊர் ஆளுகளுக்கு இதெல்லாம் புரியாது" என்பதை நான் அதிகம் கேட்டது இந்த ஊர் ஆட்களிடம்தான்.

என்ன புரியாது? 'நாஸ்ஃபெராட்டு' படத்தின் உச்சக்காட்சியில் காட்டேரியை நேராகக் காட்டுவதில்லை. அவன் நிழல் மட்டும் படியேறுகிறது. விரல்கள் நீள்கின்றன. கையின் நிழல் அந்தப் பெண்ணின் மார்பில் ஏறி இதயத்தை இறுக்கிப் பிடிக்கிறது. திரையில் நிழல் ஆடுவதும், பக்கத்தில் வாத்தியம் முழங்குவதும், ஒற்றை மனிதன் எல்லாருக்கும் குரல் கொடுப்பதும் நம் தென்மாவட்டங்களுக்குப் புதுசா? தோல்பாவைக்கூத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது இதைத்தான். வெள்ளை வேட்டிக்குப் பின்னால் விளக்கு. ஆட்டுத் தோலில் வெட்டிய ராமனும் ராவணனும். உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும் நடுவில் புகுந்து சிரிக்கவைப்பார்கள். சினிமா வருவதற்கு முன்பே சினிமா பார்க்கத் தெரிந்த ஊர்கள் இவை.

ஒரே ஆள் பல பாத்திரமாக மாறுவது பற்றிச் சந்தேகம் இருந்தால், மார்கழியில் ஆண்டாள் கோயிலுக்குப் போய் அரையர் சேவையைப் பாருங்கள். குல்லாயும் கைத்தாளமுமாக ஒருவர் நின்று பாசுரத்தைப் பாடி, அதற்கு அபிநயம் பிடித்து, முத்துக்குறியில் தாயாகவும் மகளாகவும் குறி சொல்கிற கட்டுவிச்சியாகவும் அவரே மாறுவார். திரைக்கு அருகில் நின்று எழுத்து அட்டையை வாசித்துக் கதை சொன்ன அந்தக் கொட்டகைக்காரரை இந்த ஊர் எப்படி அந்நியமாக நினைக்கும்?

அப்புறம் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் படம் வரையும் வேலையில் இருந்தவர். 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். சென்னைக்குத்தான் சரி என்று அவர் நினைத்திருந்தால் தமிழ்நாட்டில் டூரிங் டாக்கீஸ் என்ற ஒன்றே வந்திருக்காது. 2017 நவம்பரில், 1928இல் எடுத்த 'ஷிராஸ்' படத்தைப் புதுப்பித்து, அனுஷ்கா சங்கர் நேரில் வாசிக்க, ஹைதராபாத், கொல்கத்தா, டெல்லி, மும்பை என்று நான்கு ஊர்களில் காட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் பெருநகரத்துக்கு வெளியே இப்படி ஒன்று நடக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. 1905இல் ஒரு தனி ஆளுக்குத் தோன்றியது.

*

இரண்டாவது பதிலுக்கு வருகிறேன். லேப்டாப்பிலேயே இசை வருதே?

மௌனப்படங்களைக் கையால் சுழற்றி எடுத்தார்கள். வினாடிக்கு இத்தனை பிரேம் என்று ஒரு நிலையான கணக்குக் கிடையாது. பதினாறிலிருந்து இருபத்துச் சொச்சம் வரை ஏறி இறங்கும். 24 பிரேம் என்ற கணக்கு பேசும்படத்தோடு வந்தது. வினாடிக்கு 18 பிரேமில் 94 நிமிடம் ஓடுகிற படத்தை 24 பிரேமில் ஓட்டினால் 70 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்டேரி படியேற மாட்டான். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். இணையத்தில் சுற்றுகிற பிரதிகளில் வேகமும் நீளமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு பிரதிக்கு எழுதிய இசையை எடுத்து இன்னொன்றில் ஒட்டியிருப்பார்கள். பயங்கரம் வருவதற்கு முன்பே பயங்கர இசை வந்துபோய்விடும்.

இது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை வேறு. எஞ்சினியரிங் படித்தவர்களுக்குக் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் ஞாபகம் இருக்கும். மோட்டாரைப் போட்டுவிட்டு, இருபது நிமிடம் கழித்து அணைப்பது ஒரு முறை. தொட்டி நிறைந்ததா வழிந்ததா என்று மோட்டாருக்குத் தெரியாது. தொட்டிக்குள் மிதவை வைத்து, தண்ணீர் மட்டம் ஏறியதும் தானாக நிற்கும்படி செய்வது இன்னொரு முறை. முதலாவது ஓப்பன் லூப், இரண்டாவது க்ளோஸ்டு லூப். பதிவு செய்த இசை முதல் வகை. பார்க்கிற கூட்டம் சிரிக்கிறதா, உறைந்துபோயிருக்கிறதா, குழந்தை அழுகிறதா, அதற்குத் தெரியாது. நேரில் வாசிக்கிறவருக்குக் கூட்டம்தான் மிதவை.

ராஜபாளையத்துக் கூட்டம் ஓர்லாக் பிரபுவின் வௌவால் காதைப் பார்த்ததும் கட்டாயம் சிரிக்கும். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற ஆள் யாராவது, விரலில் ரத்தம் வருகிற காட்சியில், "எங்கிட்ட குடுறா கட்டுப்போட்டு விடுறேன்" என்று சத்தம் கொடுக்கத்தான் செய்வார். கொடுக்கட்டும். லேப்டாப் அந்தச் சிரிப்பின்மேல் ஏறி மிதித்துக்கொண்டு போகும். நாடக மேடையில் பழகிய ஆள் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு, தானும் ஒரு குறும்பு வாசித்துவிட்டு, அடுத்த நொடியில் சட்டென்று நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில்தான் பயம் உள்ளே வரும்.

என் தொழிலில் இருக்கிற நண்பர்கள் இப்போது இன்னொன்றும் சொல்கிறார்கள். "ஏஐகிட்ட குடுத்தா 94 நிமிஷத்துக்கும் மியூசிக் போட்டுத் தந்துடுமேப்பா." தரும். நானும் அந்தத் துறையில்தான் சம்பளம் வாங்குகிறேன். அது என்ன தரும் என்று எனக்குத் தெரியும். 1930இன் ரோபோ விளம்பரத்தைப் பார்த்து நாம் சிரிக்கலாம், ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. கூட்டத்தின் முன்னால் ஒரு மனிதன் உட்கார்ந்து, தவறும் வாய்ப்போடு வாசிக்கிறான் என்பதற்கு ஏதாவது மதிப்பு உண்டா இல்லையா? மதிப்பு இல்லை என்றால் கச்சேரியே எதற்கு, கூத்து எதற்கு, வீட்டிலேயே படத்தைப் பார்க்காமல் ஹாலில் கூடுவதுதான் எதற்கு?

*

மூன்றாவது பதில்: நம் வாத்தியத்துக்கும் அந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

ரத்தசம்பந்தம். ஆர்மோனியம் ஆர்கனின் தங்கச்சி. காற்றைத் துருத்தியால் தள்ளி, கட்டையை அழுத்தித் திறந்துவிட்டு நாதம் எழுப்புகிற குடும்பம் அது. ஒன்றில் குழாய், மற்றொன்றில் பித்தளை நாக்கு. 1842இல் பாரிஸில் அலெக்சாந்தர் டெபெய்ன் காப்புரிமை வாங்கியது காலால் மிதிக்கிற ஆர்மோனியத்துக்கு. மிஷனரிகளோடு இந்தியா வந்தது. 1875இல் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கிற கைப்பெட்டியாக மாற்றினார். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை அந்நிய வாத்தியம், கமகம் பேசாது என்று சொல்லித் தடை செய்தது. முப்பது வருடம் அந்தத் தடை நீடித்தது. அத்தனை காலமும் நாடக மேடை அதைக் கைவிடவில்லை. கால் ஆர்மோனியம் தமிழ் நாடகத்தின் முதுகெலும்பாக இருந்தது.

ஸ்பெஷல் நாடகம் என்பது ஒத்திகை இல்லாத நாடகம். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறொரு ஊரிலிருந்து. தனித்தனியாகப் பேசி அமர்த்தியவர்கள். மேடையில்தான் சந்திப்பார்கள். விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கும். இதை ஒட்டவைத்து நிறுத்துகிறவர் ஆர்மோனியக்காரர். நோட்டீஸில் அவரைப் பின்பாட்டு என்று போடுவார்கள். யார் எந்தச் சுருதியில் ஆரம்பிப்பார், யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் வசனத்தை மறந்து முழிக்கிறார், எந்த இடைவெளியை எப்படி அடைப்பது, எல்லாம் அவர் கையில். பக்கத்தில் மிருதங்கம். அதற்கும் பக்கத்தில் ஆல்ரவுண்டு: தாளத்தட்டு, டோலக், மணி, என்னென்னவோ சாமான்களைச் சுற்றி வைத்துக்கொண்டு இடி, குதிரை, அடி, உதை எல்லாவற்றுக்கும் சத்தம் கொடுக்கிறவர். உர்லிட்சர் கம்பெனி ஒரு பெட்டிக்குள் அடைத்த அத்தனையும் இங்கே மூன்று மனிதர்களாக உட்கார்ந்திருக்கின்றன. எதிரே நடப்பதைப் பார்த்து அந்தக் கணத்தில் வாசிப்பதுதான் மௌனப்பட இசைக்காரரின் வேலை. அதற்குத் தகுதியான ஆட்களைத் தேடி நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் இறந்தது 1922இல்; 'நாஸ்ஃபெராட்டு' வெளிவந்த அதே வருடம். சிவகாசியில் பிறந்த விஸ்வநாத தாஸ் மேடையில் முருகனாக மயில்மேல் இருந்தபடியே உயிரை விட்டது 1940இல். அந்த மேடையின் வாரிசுகள் இன்றும் கோயில் கொடைக்குக் கொடை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். 'அரிச்சந்திரா' மயான காண்டத்துக்கு நூறு ராத்திரி வாசித்த ஆளுக்கு ஒரு ஜெர்மானியக் காட்டேரி என்ன பெரிய ஆளா?

போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாடகம் முடிந்த விடியற்காலை, டீ குடித்துக்கொண்டிருந்த ஆர்மோனியக்காரர் ஒருவரிடம் அந்தப் படிக்கட்டு நிழல் காட்சியை போனில் காட்டினேன், சத்தத்தை அணைத்துவிட்டு. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"தம்பி, இவன் வர்றான்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி. விடியற வரைக்கும் அவனைப் போகவிடாம இருக்க வைக்கணும். அதுக்காக அவளே ஜன்னலைத் திறந்து விடுறா."

"அப்ப இது பயப்படுற காட்சி இல்ல. காத்திருக்கிற காட்சி" என்றார்.

பெட்டியைத் திறந்தார். ராகம் எதுவும் வாசிக்கவில்லை. கீழ்க்கட்டை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு காலால் மிதித்தார். நிழலின் விரல்கள் நீண்டபோது காலை எடுத்துவிட்டார். துருத்தியில் மிச்சமிருந்த காற்று தீரத் தீர நாதம் மெலிந்து, சரிந்து, மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு நின்றது. இந்தப் படத்துக்கு நான் நாலைந்து இசைப்பதிவுகள் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு யோசனை அவற்றில் இல்லை. பெட்டியை மூடிவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "இது எத்தனை ராத்திரி இருக்கும் தம்பி?"

கலை விவாதத்தில் நாம் வழக்கமாக விட்டுவிடுகிற கேள்வி அது. அவருக்கு என் ரசனை வேண்டாம், என் ஆச்சரியமும் வேண்டாம். எத்தனை ராத்திரி? கொடை இல்லாத மாதங்களில் அடுப்பு எரிய வேண்டும். நாடகத்துக்குப் பதிலாக ஆர்க்கெஸ்ட்ரா வைத்துவிட்ட ஊர்களின் எண்ணிக்கை அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

*

இன்னொரு படத்தையும் இந்த வழக்கில் சாட்சியாகக் கூப்பிடுகிறேன். நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா'. சி.வி. ராமன் பிள்ளை 1891இல் எழுதிய நாவல்தான் கதை. 1933இல் திருவனந்தபுரத்தில் வெளியானதும் நாவலைப் பதிப்பித்த கமலாலயா புத்தக நிலையம் காப்புரிமை வழக்குப் போட்டது. படம் முடங்கியது. பிரதி பதிப்பகத்தின் வசம் போய்த் தூங்கியது. 1974இல் புனே தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் 1890களின் நாவல்கள். இரண்டும் அனுமதி இல்லாமல் எடுத்தவை. இரண்டும் வழக்கில் சிக்கியவை. அங்கே வழக்கு படத்தை அழிக்கப் பார்த்தது, படம் ஊர் ஊராக ஓடியதால் பிழைத்தது. இங்கே வழக்கில் மாட்டிப் பூட்டிக் கிடந்ததால்தான் படம் பிழைத்தது. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தொடங்கி, தடையில்லாமல் ஓடிய நம் மௌனப் படங்கள் எல்லாம் எங்கே? தென்னிந்தியாவில் முழுசாகக் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய இந்த ஒன்றுதான். நைட்ரேட் சுருள் தீப்பிடிக்கும், நொறுங்கும், வெள்ளிக்காக உருக்கி விற்கவும் செய்வார்கள். யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. பழசு, இனி எதற்கு என்று விட்டார்கள், அவ்வளவுதான். படங்களுக்கு நடந்தது இப்போது அந்தப் படங்களுக்கு வாசிக்கத் தெரிந்த கைகளுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, திரையிடல் நடத்துகிற நண்பர்களே, உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். சட்டத்தில் தடை இல்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியீட்டுக்குப் பின் 60 வருடம்தான். 1922இன் படம் எப்போதோ பொதுச்சொத்து. சமீபத்தில் யாரோ பதிவு செய்த இசைக்குத்தான் உரிமை கேட்க வேண்டும், நேரில் வாசித்தால் அந்தத் தொல்லையும் இல்லை. எழுத்து அட்டைகளைத் தமிழில் வாசிக்க ஒரு பபூனைக் கூப்பிடுங்கள்; அவர் வாசித்தால் நீங்கள் கொடுக்கிற இருபது நிமிட அறிமுக உரை தேவைப்படாது. வாத்தியக்காரர்களுக்குப் படத்தை ஒரு வாரம் முன்னால் கொடுங்கள், கூடவே அட்வான்ஸும் கொடுங்கள். ஒரு பிளெக்ஸைக் குறையுங்கள், சிறப்பு விருந்தினருக்குப் போடுகிற சால்வையை நிறுத்துங்கள், அந்தப் பணத்தைக் கூலியில் சேருங்கள். நாடகத்துக்கு என்ன சம்பளமோ அதற்கு ஒரு ரூபாய் குறையக் கூடாது. "கலைக்காகச் செய்யுங்க அண்ணே" என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள். அவர்கள் அறுபது வருடமாக அதைத்தான் செய்கிறார்கள்.

நோட்டீஸில் முர்னாவ் பெயர் இருக்கட்டும், மாக்ஸ் ஷ்ரெக் பெயரும் இருக்கட்டும். அதே அளவு எழுத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்று போட்டு அவரவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். படத்தின் முடிவில் சேவல் கூவ வேண்டும், காட்டேரி கரைந்துபோக வேண்டும். அந்தச் சேவலை ஆல்ரவுண்டுக்காரர் கூவட்டும். முதல் ராத்திரி ராஜபாளையம், இரண்டாவது ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூர். மூன்றாவது ராத்திரி எந்த ஊர் என்று நீங்கள் சொன்னால், அந்த அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.